மூளையுறையிலிருந்து இரத்தத்திற்கு: மெனிங்கோகாக்கஸ் அறியப்பட்ட வரலாறு

1805ஆம் வருஷத்து வசந்தகாலத்தில் ஜெனீவா நகரிற் பரவிய கொடிய ஜுரத்தைக் குறித்து வியூசோ என்னும் வைத்தியர் எழுதிவைத்த வர்ணனையே, மெனிங்கோகாக்கஸ் நோயைப் பற்றிய முதல் தெளிவான பதிவாகக் கருதப்படுகிறது. திடீரெனக் காணும் தலைவலி, வாந்தி, நாடித் தளர்ச்சி, சிலருக்கு ஒரே நாளில் மரணம், பிரேதத்தின்மேற் கருநீலத் திட்டுக்கள் என அவர் குறித்த லக்ஷணங்களுள், பின்வந்தோர் தலைவலியைப் பற்றிக்கொண்ட அளவுக்குத் திட்டுக்களைப் பொருட்படுத்தவில்லை. கடல் கடந்த நியூ இங்கிலாந்து மக்களோ இந்நோயைப் ‘புள்ளி ஜுரம்’ என்றே அழைத்தார்கள்; பாமரரின் கண் இவ்விஷயத்தில் பண்டிதரின் கண்ணைவிடக் கூர்மையாயிருந்தது என்பதே என் அபிப்பிராயம்.

1887இல் வியன்னாவில் வைக்ஸெல்பௌம், மூளையுறை அழற்சியால் இறந்த எண்மரைப் பரிசோதித்து, அவர்களுள் அறுவரிடத்தில், காப்பிக்கொட்டையின் இரு பாதிகளை எதிரெதிரே வைத்தாற்போல இணையிணையாகச் சீழணுக்களுக்குள் அடங்கிக் கிடந்த நுண்கிருமியைக் கண்டார். காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்த இடமே பின்னர் ஒரு திரையாகவும் ஆயிற்று. மூளையுறையில் சீழ் கட்டுவதற்குச் சில காலமேனும் நோயாளி உயிரோடிருத்தல் வேண்டுமாதலால், சில மணி நேரத்திலேயே மாண்டவர்களின் மூளையிற் சீழ் தேடியவர்கள் அது காணாமையால் அம்மரணங்களை வேறேதோ வியாதியின்பாற் சேர்த்துவிட இடமிருந்தது.

குவிங்கே 1891இல் வெளியிட்ட முதுகுத்தண்டு நீரெடுக்கும் முறையைக் கொண்டு, ஹாய்ப்னர் 1896இல் உயிரோடிருந்த நோயாளிகளிடமிருந்தே இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். அப்போதும் ஆராய்ச்சி முதுகெலும்பை விட்டு நகரவில்லை. 1899இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் க்வின் என்பவர் நோயாளியின் இரத்தத்திலேயே அக்கிருமியைக் கண்டறிந்ததுதான், எனக்குத் தோன்றுகிறபடி, இச்சரித்திரத்தின் மெய்யான திருப்பம். எனினும், இத்தகைய இரத்தத் தொற்றில் அட்ரினல் சுரப்பிகளில் இரத்தம் கசிந்து நேரும் திடீர் மரணத்தை 1911இல் எழுதிய வாட்டர்ஹௌஸ், 1918இல் எழுதிய ஃப்ரீடரிக்ஸன் ஆகியோரின் பெயர்களே மருத்துவ நூல்களில் நிலைத்தன. க்வின்னின் பெயரை இன்று நினைப்பவர் அரியர்.

முதல் மகாயுத்தத்தின்போது அமெரிக்காவின் ஜாக்ஸன் ராணுவ முகாமில் நோயுற்ற சிப்பாய்களைக் கவனித்த ஹெரிக், கிருமி முதலில் இரத்தத்திற் பெருகி அதன் பின்னரே மூளையுறையை அடைகிறதென்றும், பல நோயாளிகளிடம் கழுத்து விறைப்பதற்கு முன்பே நோயை நிர்ணயிக்கலாமென்றும் வாதித்தார். இந்நோய்க்கு மருந்தாக ஃப்ளெக்ஸ்னர் தயாரித்த சீரத்தை முதுகுத்தண்டினுள் மாத்திரமே செலுத்திவந்த வழக்கத்தை மீறி, இரத்தநாளத்திலும் அதனைச் செலுத்தவேண்டும் என்று அவர் வற்புறுத்தியதற்கு ஆதாரம் இக்கொள்கையே.

‘புள்ளி ஜுரம்’ என்னும் பெயருக்குக் காரணமான, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத அந்தச் செங்கருப்புப் புள்ளிகள், சிறு நாளங்கள் சிதைந்து இரத்தம் தோலுக்குள் கசிந்ததன் அடையாளங்கள். 1931இல் மக்லீனும் காஃபியும் குழந்தைகளின் புள்ளியொன்றைக் கீறி, வெளிப்பட்ட துளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் அதே இணைக்கிருமிகளைக் காட்டினார்கள். இரத்தத்தை வளர்ப்பூடகத்திலிட்டு ஓரிரு நாட்கள் காத்திருக்கவேண்டிய விடை, அவ்விதம் நோயாளியின் படுக்கையருகிலேயே சில நிமிஷங்களிற் கிட்டலாயிற்று.