சாம்பியன் ரீப்ஸ் சுரங்கமும் பண்டிகை நாட்களும்

மார்கழி பிறந்துவிட்டால் சாம்பியன் ரீப்ஸில் இருவகை மணியோசை கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஒன்று மாதா கோயில் மணி. மற்றொன்று சுரங்கத்தின் குழிவாயில் மணி. கோயில் மணி எத்தனை முறை ஒலித்தாலும் மகிழ்ச்சியே. குழிவாயில் மணியையோ எண்ணிக் கேட்க வேண்டும். ‘கேஜ்’ என்று தொழிலாளர் வழங்கிய இரும்புக் கூண்டு ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு மணி அடித்தால் ‘நிறுத்து’ என்று பொருள். நின்றிருக்கையில் மூன்று மணி அடித்தால் ‘மனிதர் ஏறப் போகின்றனர்’ என்று பொருள். நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே நிற்பவர் அடிக்கும் மணியை மேலே யந்திரம் ஓட்டுபவர் தவறாமல் எண்ணினாரா என்பதில் ஒரு கூண்டு நிறைந்த மனிதரின் உயிர் அடங்கியிருந்தது. பண்டிகை வரும், போகும். அந்த எண்ணிக்கை மட்டும் மாறலாகாது.

கோலார் தங்க வயலின் கதை தமிழர்க்கு அயலானதன்று. 1870-களில் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டத் தொடங்கினார். பொருளும் முயற்சியும் போதாமல் கைவிட்டார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். சில ஆண்டுகளில் வளம் மிக்க தங்கரேகை ஒன்று அகப்பட்டது. அதற்கு ஆங்கிலத்தில் வெற்றி வீரன் என்னும் பொருள்பட ‘சாம்பியன்’ என்று பெயரிட்டனர். 1889இல் தோன்றிய கம்பெனி ஒன்று அப்பெயரையே சூடிக்கொள்ள, சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊரும் சாம்பியன் ரீப்ஸ் ஆயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் குடிபெயர்ந்து வந்தவர்கள் மூங்கில் தட்டி வேய்ந்த குடிசை வரிசைகளில் குடியேறினர். அவர்களிற் பெரும்பாலோர் சொந்த ஊரில் நிலமோ மதிப்போ கிட்டாத மக்கள். இன்று மும்பையிலும் தில்லியிலும் சூரத்திலும் இருந்து இதனைப் படிக்கும் நண்பர்கள், தங்கள் பாட்டனார் ஒருவர் அவ்வரிசைகளில் வாழ்ந்தவர் என்று நினைவுகூரக் கூடும்.

அங்கே பண்டிகைக் காலம் என்பது ஒரு நாளன்று. கிறிஸ்துமஸில் தொடங்கி, ஆங்கிலப் புத்தாண்டைக் கடந்து, பொங்கலில் முடியும் மூன்று வாரம் அது. ஆங்கிலேய அதிகாரிகள் தம் மன்றத்தில் கொண்டாடினர். தமிழ்க் கிறிஸ்தவர் மாதா கோயிலில் கூடினர். அறுவடை முடிந்த சொந்தக் கிராமத்தை நாடி மற்றையோர் புறப்பட்டனர். திருமணப் பேச்சும், கடன் அடைப்பும், குலதெய்வ வழிபாடும் ஊருக்குப் போனால்தான் நடக்கும். ஆகவே சுரங்கத்தில் ஆள் குறையும். ஆள் குறைந்தால் வேலை குறைய வேண்டுமன்றோ? குறைவதில்லை. இருப்பவர் கூடுதல் முறை இறங்குவர். ஓரிடத்துத் துளைப்போர் குழுவில் வேறிடத்து ஆள் சேர்வார். பழகிய மேஸ்திரிக்குப் பதிலாகப் புதியவர் நிற்பார்.

சுரங்கத்தில் இது சிறு மாற்றமன்று. ஒன்றாக வேலை செய்து பழகியவர்கள் இருட்டில் ஒருவர் இருமலை வைத்தே ஒருவரை அறிவர். எந்தத் துளையில் நேற்று வெடிமருந்து வெடிக்காமல் நின்றது, எந்த மரத்தூண் முனகுகிறது என்பவையெல்லாம் ஏட்டில் எழுதப்படுமுன்னே வாய்மொழியாகக் கைமாறும். குழு கலைந்தால் அந்தப் பேச்சும் அறுந்துபோகிறது. வெடிக்காத மருந்து தங்கிய துளையிலோ அதன் அடிக்கட்டையிலோ மீண்டும் துளைக்கருவியை வைப்பது மரணத்தை அழைப்பதாகும். ஆனால் அது அங்கே இருக்கிறதென்று புதியவருக்குச் சொல்ல வேண்டியவர் அன்று வேலூருக்குப் போகும் வண்டியில் இருப்பார்!

இனிப் பாறையின் செய்திக்கு வருவோம். கோலாரில் தலையாய அச்சம் நிலக்கரிச் சுரங்கங்களில் காணும் தீவாயு அன்று; பாறையே அங்கே பகை. ஆழம் செல்லச் செல்ல மேலுள்ள நிலத்தின் எடையால் இறுகிய பாறை, தங்கரேகையை வெட்டி எடுத்த வெற்றிடத்தை நோக்கிச் சிறுகச் சிறுக நெருங்குகிறது. சில வேளை எவ்வித முன்னறிவிப்புமின்றி வெடித்துச் சிதறுகிறது. 1898இல் உரிகம் சுரங்கத்தில் இத்தகைய வெடிப்பு நேர்ந்ததாகக் குறிப்பு உண்டு. காற்று வந்து மோதுவதுபோல் இருந்தமையால் அதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். தங்க வயல் தமிழில் அச்சொல்லே நிலைத்தது. இவ்வதிர்ச்சிகளைப் பதிவு செய்ய 1912இலேயே நில அதிர்வுமானி ஒன்று தங்க வயலில் நிறுவப்பெற்றது. வெற்றிடங்களை முதலில் மரத்தால் தாங்கினர். பின்னர்க் கருங்கல் சுவரால் நிரப்பினர். அதன் பின்னர்க் கான்கிரீட்டு வந்தது. ஒவ்வொரு படியும் பல உயிர் கொடுத்துக் கற்ற பாடம். சாம்பியன் ரீப் சுரங்கமோ முடிவில் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. உலகின் மிக ஆழ்ந்த சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

மனிதர் பொங்கலுக்குப் போயிருக்கும் நாட்களிலும் இந்தப் பாறை நெருங்கிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து நாள் ஆளில்லாமற் கிடந்த வெட்டுமுகத்தின் கூரை, ஐந்து நாட்களுக்கு முன் கண்ட கூரையன்று. அதனால்தான் விடுமுறைக்குப் பின் முதல் முறை இறங்குபவர் துளைக்கருவியைத் தொடுமுன் கடப்பாரையை எடுக்க வேண்டும். கூரையைத் தட்டிப் பார்த்தால் கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும். பிளந்து தொங்கும் பாறை ஓட்டைப் பானைபோல் பொத்தென்று ஒலிக்கும். அவ்வாறு ஒலித்ததை, தான் உறுதியான கூரையின்கீழ் நின்றுகொண்டு, நெம்பி வீழ்த்திய பிறகே வேலை. இதற்கு அரைமணி ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். அத்தனை நேரமும் ஒரு துளைகூடப் போட்டாகாது. ஒரு துளைகூடப் போடாதவனுக்கு ஒப்பந்த முறையில் கூலியும் சேராது. பண்டிகைச் செலவில் பை காலியாகி வந்தவனிடம் ‘பொறுமையாகத் தட்டிப் பார்’ என்று சொல்வது எளிது. தட்டிப் பார்க்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று சொல்வதே கடினமாயிருந்தது. விபத்து நேர்ந்தபோதெல்லாம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்த அறிக்கைகளை நாம் அரை உண்மை என்றே கொள்வோம். கவனத்துக்கும் நேரம் வேண்டும். நேரத்துக்கும் விலை உண்டு.

வெப்பத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தங்க வயலின் அடியாழத்தில் பாறையின் வெப்பம் 65 பாகை செல்சியஸ் அளவு இருந்தது. குளிர்விக்கும் யந்திரங்களை நிறுவிக் காற்றைக் கீழே செலுத்தினர். ஆயினும் வேலையிடம் நீராவி அடுப்பங்கரை போலத்தான் இருந்தது. அத்தகைய சூட்டில் உடல் மெல்ல மெல்லப் பழகுகிறது: வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, நாடித் துடிப்பு அடங்குகிறது. இப்பழக்கம் வந்துசேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வேலையை விட்டு விலகினால் சில வாரங்களில் பெரும்பாலும் மறைந்துபோகும். மார்கழிப் பனியில் இரண்டு வாரம் கிராமத்துத் திண்ணையில் உறங்கிவிட்டு வந்தவர், மனத்தால் பழைய தொழிலாளி; உடலால் புதிய ஆள். முன்னைய வேகத்தில் முதல் நாளே துளை போடத் தொடங்கினால் தலை சுற்றும், கண் இருளும். சூட்டினால் மயங்கி விழுவோரும் உண்டு. தென் ஆப்பிரிக்காவின் ஆழ்சுரங்கங்களில், புதிதாக வந்தவரையும் நெடுநாள் விடுப்பில் போய் வந்தவரையும் சில நாள் படிப்படியாகச் சூட்டில் பழக்கிய பின்னரே முழு வேலை தந்தனர். முதல் நாள் இரவு சாராயம் அருந்தியவர்க்கோ இந்த இடர் இரட்டிப்பாகிறது. மது உடலிலுள்ள நீரைக் குறைத்து விடுகிறது. போதையில் உள்ளவர் சுரங்கத்தில் இறங்கலாகாது என்னும் விதியை வெறும் ஒழுக்க விதியாக எண்ணுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

யந்திரத்துக்கும் இவ்வாறே ஒரு விதி உண்டு. கூண்டு சில மணி நேரம் ஓடாமல் நின்றிருந்தால், மனிதரை ஏற்றுமுன் வெறுங்கூண்டை ஒருமுறை முழுத் தூரமும் இறக்கி ஏற்றிப் பார்த்தல் வேண்டும். கம்பி வடமும் பிரேக்கும் வழித்தடமும் தூக்கம் தெளிந்து எழுந்தனவா என்று அறிவதற்கே அது. குழிவாயிலில் காத்து நிற்கும் தொழிலாளர் வரிசைக்கு அந்த வெற்றோட்டம் எரிச்சலூட்டும். விடியற்காலைக் குளிரில் இன்னும் கால்மணி நிற்க வேண்டுமே! ஆயினும் அந்தக் கால்மணியைக் குறைத்தவர் எவரையும் நல்ல மேலாளர் என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆளை எண்ணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுரங்கத்துள் இறங்குபவர் ஒவ்வொருவருக்கும் பில்லை ஒன்று; மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பர். மாலையில் பலகையில் ஓர் இடம் காலியாயிருந்தால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார். ஊருக்குப் போன அண்ணன் பில்லையில் தம்பி இறங்கினால் கணக்கு சரியாயிருக்கும், பெயர் தவறாயிருக்கும். பாறை சரிந்த நாளில் எந்த வீட்டுக்குச் சொல்லியனுப்புவது? தொழிலாளர் எண்ணப்படுவதை விரும்பவில்லை என்று சிலர் குறை கூறுவர். 1930 ஏப்ரலில் தங்க வயல் முழுவதும் வேலைநிறுத்தம் எழுந்தது உண்மை. ஆனால் அது உயிர் காக்கும் பில்லையை எதிர்த்தன்று. விரல்ரேகை பதிக்கச் சொன்ன புதிய ஆணையை எதிர்த்து. திருடனைப்போல் கைநாட்டுக் கேட்கின்றனர் என்று அவர்கள் மனம் கொதித்தது. தங்கத்தைக் காக்க எண்ணுவது வேறு, மனிதனைக் காக்க எண்ணுவது வேறு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பண்டிகை நெருக்கத்தில் நேர்ந்த சுரங்கத் துயரங்கள் உலகெங்கும் உள. 1910 டிசம்பர் 21ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னர், இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரிட்டோரியா குழி என்று பெயர்பெற்ற சுரங்கத்தில் வாயு வெடித்து 344 பேர் மாண்டனர். 1951இல் அதே டிசம்பர் 21ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஓரியன்ட் இரண்டாம் சுரங்கத்தில் 119 பேர் இறந்தனர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் அதுவே கடைசி முறை. அடுத்த ஆண்டு அந்நாட்டில் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த சுரங்கச் சட்டமும் 1952ஆம் ஆண்டினதே. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் எவரும் சுரங்கத்தில் வேலை செய்யலாகாது என்று அது விதித்தது. ஓய்வு நாள் என்பது முதலாளி தரும் சலுகையன்று, பாதுகாப்பின் ஒரு பகுதி என்று சட்டமே ஒப்புக்கொண்டதாக நாம் இதைக் கருதலாம்.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. 1907 டிசம்பர் 19ஆம் நாள், பென்சில்வேனியாவில் டார் சுரங்கம் வெடித்து 239 பேர் இறந்தனர். அன்று பழைய பஞ்சாங்கப்படி புனித நிக்கலஸ் திருநாள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் பலர் வேலைக்கு வராமல் கோயிலுக்குச் சென்றிருந்தனர். கூலி இழந்தனர், உயிர் பிழைத்தனர். அயலூரில் தம் பண்டிகையை விடாது கொண்டாடிய அம்மக்களின் செய்தி, வெளி மாநிலத் தமிழர் நெஞ்சில் சற்று ஆழமாகவே பதியும்.

நம் நாட்டில் 1975 டிசம்பர் 27ஆம் நாளை மறக்க இயலாது. தன்பாத்துக்கு அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், மேலே தேங்கியிருந்த பெருநீர் தடையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள் அது. ஆனால் அந்த நீர் ஒரு நாளில் சேர்ந்ததன்று. பண்டிகையின்மேல் பழி போடுவோர் இதனையும் எண்ண வேண்டும்.

நம்மவரின் ஆயுத பூசையை நோக்குங்கால் ஒன்று தோன்றுகிறது. அன்று கருவிகளை வேலையிலிருந்து விடுவித்து, துடைத்து, எண்ணெயிட்டு, வரிசையாக வைத்துப் பொட்டிடுகிறோம். கைப்பிடி தளர்ந்த சம்மட்டியும் முனை மழுங்கிய கடப்பாரையும் அப்போதுதான் கண்ணிற்படும். சக்கரத்தின் கீழ் நசுக்கும் எலுமிச்சம்பழத்தைவிடத் துடைக்கும்போது காணும் விரிசல் பெரிய அருள் என்பது நம் எண்ணம், பூசாரிகள் பொறுத்தருள்க.

சாம்பியன் ரீப் சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயிற்று. 1962இல் நடுவணரசுக்குச் சென்றது. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் நடந்தது. 2001 பிப்ரவரி இறுதியில் வேலை நின்றது. பாறையின் இயல்பை ஆராயும் தேசியப் பாறைப் பொறியியல் நிறுவனம் 1988இல் அதே சாம்பியன் ரீப்ஸில்தான் நிறுவப்பெற்றது. நீர் இறைக்கும் பம்புகள் ஓய்ந்தபின் குழிகளில் நீர் ஏறியது. ஆள் இறங்காத அந்தச் சுரங்கத்தின் பாறை பின்னரும் அசைந்து, மேலே நில அதிர்வாக உணரப்பட்டது.

சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ரயிலேறி, பெங்களூரில் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் கடைக்கும் சென்று இரவில் திரும்புகின்றனர். பொங்கல் முடிந்த மறுநாள் வண்டியில் பாதிப் பேர் உறங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுள் சிலர் இறங்கியதும் ஏறப்போவது பத்தாவது மாடிச் சாரத்தில். விடுமுறை நாட்களில் காற்றும் பனியும் பட்ட அந்தச் சாரத்தின் கட்டுகளை முதலில் ஒருவர் அசைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அரைமணி ஆகும்.