அரகோர்னுக்கு முகம் பிறந்த கதை

அரகோர்ன் முதலில் பிறந்தபோது அவன் காலில் மரச்செருப்பு இருந்தது. பெயரும் அரகோர்ன் இல்லை, ட்ராட்டர். ஆள் மனிதனே இல்லை. இடுப்புயரத்துக்கு மேல் வளராத ஹாபிட். ஹாபிட்டுகள் வெறுங்காலோடு திரிகிற இனம். அவர்களில் ஒருவன் மரச்செருப்போடு வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ கதை இருக்க வேண்டும். அது என்ன கதை என்று எழுதிக்கொண்டிருந்தவருக்கே தெரியவில்லை.

எழுதியவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 1937இல் ‘தி ஹாபிட்’ வெளியாகி நன்றாக விற்றதும் பதிப்பாளர் இன்னொரு கதை கேட்டார். அந்தக் கதையை எழுதிக்கொண்டு போகையில், பிரீ என்ற ஊர்ச் சத்திரத்தின் இருட்டு மூலையில் முகம் மறைத்த ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். பழைய கதையின் நாயகன் பில்போவே இப்படி வந்திருக்கிறானோ என்று டோல்கீன் யோசித்தார். இல்லை, வீட்டைவிட்டுப் போன உறவுக்காரப் பையனோ என்று எழுதிப் பார்த்தார். அடித்து, திருத்தி, திரும்பத் திரும்ப முதலிலிருந்து எழுதிய பிறகுதான் அந்த மரச்செருப்புக்காரன் நெடிய மனிதனானான். காட்டில் அலைகிற காவலனானான். அரியணை இழந்த வம்சத்தின் கடைசி வாரிசானான்.

அரகோர்ன் வேடத்தில் யார் நடிப்பது என்று பிற்பாடு உலகமெங்கும் வாசகர்கள் மல்லுக்கு நின்றபோது இந்த மரச்செருப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பெற்றவருக்கே பிள்ளையின் முகம் பிடிபட அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளியானது. அரகோர்னின் தோற்றத்தைப் பற்றி அதில் இருப்பது கொஞ்சம்தான்: உயரம், நரை ஓடிய கறுத்த முடி, சாம்பல் நிறக் கண்கள், வெயிலிலும் மழையிலும் அடிபட்ட முகம். வயது எண்பதுக்கு மேல். நீண்ட ஆயுள் வாய்த்த வம்சம் என்பதால் முதுமை தட்டாத எண்பது. மீதியை வாசிப்பவர் தம் கைச்சரக்கிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். நான் போட்டுக்கொண்டது என் பெரியப்பாவின் முகம். அவர் நெடுந்தூர லாரி ஓட்டியவர். ஊருக்கு வந்தால் டீக்கடையின் கடைசி பெஞ்சில் புழுதி படிந்த கால்களை நீட்டிப்போட்டு, யாரிடமும் பேசாமல், போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்லூரி விடுதியில் அந்தச் சத்திரக் காட்சியைப் படித்த இரவே அவர் அரகோர்ன் ஆகிவிட்டார். இதை நான் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. வாசகர் எவரும் கேட்டுச் செய்வதில்லை. நடிகர் தேர்வில் இத்தனை கோபம் எழுவதற்குக் காரணம் இதுதான். திரையில் வேறொரு முகம் வரும்போது, தன் வீட்டு ஆளை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் யாரையோ உட்கார வைத்ததுபோல் இருக்கும்.

அந்தக் கோபம் முதலில் வந்தது டோல்கீனுக்குத்தான். 1957இல் அமெரிக்காவிலிருந்து சிலர் படமெடுக்கும் யோசனையோடு வந்தார்கள். கொண்டுவந்த ஓவியங்கள் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால் மறு ஆண்டு கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு அவர் எழுதிய குறிப்புகளில் அனல் பறக்கிறது. நினைத்த இடத்துக்கெல்லாம் ஆட்களைக் கழுகுகள் தூக்கிச் செல்கின்றன. தேவையில்லாத இடத்தில் சண்டை முளைக்கிறது. எல்ஃப் இனத்தார் வழிப்பயணத்துக்குக் கொடுத்தனுப்பும் ரொட்டி ஏதோ செறிவூட்டிய சத்துணவாக மாறியிருக்கிறது. வரிக்கு வரி மறுத்து எழுதினார். படம் நின்றுபோனது. அதே 1958இல்தான் இங்கே எம்.ஜி.ஆர். ‘பொன்னியின் செல்வன்’ எடுக்கப்போவதாக அறிவித்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இரண்டு மொழிகளில் இரண்டு பெருங்கதைகள் ஒரே காலத்தில் திரைக்காகக் காத்திருக்கத் தொடங்கின. நம் வீடுகளில் யார் வந்தியத்தேவன் என்று மூன்று தலைமுறை பேசியது. அங்கே யார் அரகோர்ன் என்று பேசினார்கள்.

1969இல் படவுரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் பீட்டில்ஸ் நால்வருக்கும் இதில் நடிக்க ஆசை இருந்திருக்கிறது. மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட் ஃப்ரோடோவாக பால் மெக்கார்ட்னி, அவன் தோழன் சாமாக ரிங்கோ, மந்திரவாதி காண்டால்ஃபாக ஜார்ஜ் ஹாரிசன், மோதிரத்துக்கு அலையும் கோலமாக ஜான் லெனன் என்று கணக்குப் போட்டிருந்தார்களாம். ஜான் பூர்மன் ஒரு திரைக்கதை எழுதி அது அப்படியே கிடந்தது. 1978இல் ரால்ஃப் பக்ஷியின் அனிமேஷன் படம் பாதிக் கதையோடு முடிந்துவிட்டது; அதில் அரகோர்னுக்குக் குரல் ஜான் ஹர்ட். 1981இல் பிபிசி வானொலி 26 பகுதிகளாக நாடகமாக்கியது. முகமே தேவைப்படாத அந்த நாடகம்தான் பலருக்கு நிறைவாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்த இயன் ஹோம் இருபது ஆண்டு கழித்துத் திரையில் பில்போவாக வந்தார்.

1998 ஆகஸ்டில் கதை திரும்பியது. நியூசிலாந்துக்காரர் பீட்டர் ஜாக்சன் மூன்று படங்களாக எடுக்கிறார், நியூ லைன் நிறுவனம் பணம் போடுகிறது என்று செய்தி வந்தது. இதற்கு முன்னாலும் நாவல்கள் படமாகியிருக்கின்றன, வாசகர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால் படம் வந்து, பார்த்து, வீடு திரும்பிய பிறகுதான் அந்த முணுமுணுப்பு. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இம்முறை வீட்டுக்குள் இணையம் வந்திருந்தது. ஒரு நடிகர்கூட முடிவாகாத நிலையில் வாசகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஆளாளுக்கு ஒரு நடிகர் பட்டியல் போட்டார்கள். செய்தி வந்த அதே மாதம் ஜாக்சன், ரசிகர்கள் அனுப்பிக் குவித்த கேள்விகளிலிருந்து இருபதைப் பொறுக்கியெடுத்து விரிவாகப் பதில் எழுதினார். படமெடுக்குமுன் வாசகர் முன்னால் வந்து நின்று கணக்கு ஒப்பிக்கும் இயக்குநர் அன்று புதுமை. இன்று எந்தப் பெரிய கற்பனைக் கதை படமானாலும் நடக்கும் கூச்சலுக்கும் எதிர்பார்ப்புக்கும் தொட்டில் அந்த மாதம்தான் என்பேன்.

காண்டால்ஃப் யார்? பலருடைய பட்டியலில் ஷான் கானரி இருந்தார். நிறுவனமும் அவரிடம் போனது. கதை புரியவில்லை என்று சொல்லி அவர் விலகிக்கொண்டார். கிறிஸ்டோபர் லீக்கோ அந்த வேடத்தின் மேல் பல வருடக் கண். டோல்கீனை ஆக்ஸ்போர்டு மதுக்கடையொன்றில் நேரில் பார்த்தவர், வருடம் ஒருமுறை நாவலை முழுக்கப் படிப்பவர். அந்தப் படக்குழுவில் அவரைவிடப் பெரிய ரசிகர் இருந்திருக்க முடியாது. அவருக்குக் கிடைத்தது எதிரிப் பக்கம் சாயும் மந்திரவாதி சாருமானின் வேடம். காண்டால்ஃப் இயன் மெக்கெல்லனுக்குப் போனது. ஆசைப்பட்டது கைநழுவியும் லீ அந்த சாருமானை எப்படிச் செய்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஃப்ரோடோவுக்கு எலைஜா வுட் என்றதும் முனகல் எழுந்தது. பதினெட்டு வயது அமெரிக்கப் பையன். நாவலில் ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கிளம்பும்போது வயது ஐம்பது. அந்தப் பையனோ முறையான தேர்வு அறையை நம்பாமல், வாடகைக்கு உடை வாங்கி மாட்டிக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் குன்றுகளில் மரங்களுக்கிடையே நின்று தன்னைப் படம்பிடித்து அந்த நாடாவை அனுப்பியிருந்தான். இங்கே வாசகர்கள் தவறினார்கள் என்றுதான் நினைக்கிறேன். வயதைப் பிடித்துக்கொண்டார்கள், கண்களைப் பார்க்கத் தவறினார்கள்.

ஆனால் ஆர்வென் விஷயத்தில் அவர்கள் தவறவில்லை. நாவலில் அவள் அரகோர்ன் மணக்கும் எல்ஃப் பெண், அதிகம் வெளியே வராதவள். லிவ் டைலர் நடிக்கிறார், அவளுக்கு வாளும் கொடுத்து ஹெல்ம்ஸ் டீப் போருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி கசிந்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் காட்சிகளில் சிலவற்றைப் படமும்பிடித்தார்கள். பின்னர் ஜாக்சனும், உடன் எழுதிய ஃபிரான் வால்ஷும் ஃபிலிப்பா போயென்ஸும் அதைக் கைவிட்டு, அவளுடைய வலிமை காத்திருப்பதிலும், சாவில்லாத வாழ்வை விட்டுக்கொடுப்பதிலும் இருக்கிறது என்று நாவலுக்குத் திரும்பினார்கள். அந்த எதிர்ப்பில் நடிகையை நோக்கி வீசப்பட்ட ஏளனமும் நிறைய இருந்தது. அது அவரை நோகடித்தது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கதாபாத்திரத்துக்காகச் சண்டை போடலாம். சொன்னதைச் செய்யும் நடிகையின் மேல் கல்லெறியக் கூடாது.

இதற்கிடையே நியூசிலாந்தில் ஒரு ரசிகை, படப்பிடிப்புத் தளங்களைத் தேடித் தேடிப் போய் வெளியே நின்று பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அத்துமீறி நுழையக் கூடாதென்று அவருக்கு நோட்டீஸ் வந்தது. கொஞ்ச நாளில் அதே படக்குழு அவரை உள்ளே அழைத்துப் படப்பிடிப்பைச் சுற்றிக் காட்டியது. வாசலில் நிறுத்திய ஆளை விருந்துக்குக் கூப்பிட்ட அந்த நாளில்தான் ரசிகருக்குத் திரைப்பட வீட்டில் ஒரு மணை போடப்பட்டது.

இனி அரகோர்ன். டேனியல் டே-லூயிஸை அணுகினார்கள், அவர் ஏற்கவில்லை. கடைசியில் ஸ்டூவர்ட் டவுன்செண்ட் என்ற ஐரிஷ் நடிகர் முடிவானார். வயது இருபத்தாறு. இரண்டு மாதம் நியூசிலாந்தில் தங்கி வாள் பழகினார், குதிரை பழகினார். 1999 அக்டோபர் 11 அன்று படப்பிடிப்பு தொடங்கியது. அந்த நாட்களிலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். இந்த வேடத்துக்கு இன்னும் வயதான ஆள் வேண்டும் என்று ஜாக்சனுக்குப் பிந்திப் பட்டது. தப்பு டவுன்செண்டுடையது அல்ல. டோல்கீன் பன்னிரண்டு வருடம் எழுதித் தேய்த்துக் கொண்டுவந்த அந்த அடிபட்ட தன்மையை இரண்டு மாதப் பயிற்சி எந்த இளைஞன் முகத்திலும் எழுதாது.

மூன்று படங்களின் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் நாயகன் இல்லை. அமெரிக்காவில் விகோ மார்ட்டென்சென் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. நாற்பது வயது, நாவலைப் படித்ததில்லை. எவ்வளவு காலம் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருக்குமோ என்று தயங்கினார். அவருடைய பதினோரு வயது மகன் ஹென்றி, வேடம் ஸ்ட்ரைடர் என்று கேட்டதும் போகச் சொல்லிவிட்டான். ஸ்ட்ரைடர் என்பது பிரீ ஊர்க்காரர்கள் அரகோர்னுக்கு வைத்த பெயர். பழைய ட்ராட்டர் வளர்ந்து எட்டிய பெயர். அத்தனை ஆயிரம் வாசகர்களின் பட்டியலிலும் தேறாத முடிவை எடுத்ததும் ஒரு வாசகன்தான், பள்ளிக்கூடம் போகிற வாசகன். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிரியமான இடம் இது.

விமானத்தில் நாவலைப் படித்துக்கொண்டே போனார் விகோ. முதலில் எடுத்தது வெதர்டாப் குன்றில் கறுப்புக் குதிரைவீரர்களோடு வாள் சண்டை. வசனமில்லை, உடம்பு மட்டும். ஹாலிவுட்டின் மூத்த வாள் ஆசான் பாப் ஆண்டர்சன் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். சண்டைக்கென்று தரும் எடை குறைந்த அலுமினிய வாளை விட்டுவிட்டு நிஜ எஃகு வாளைக் கேட்டு வாங்கி, தளத்துக்கு வெளியிலும் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கிழிந்த உடையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டார். எல்ஃப் மொழியில் இன்னும் பேச வாய்ப்புக் கேட்டார். இரண்டாவது படத்தில் தலைக்கவசத்தை எட்டி உதைத்துவிட்டு ஓலமிட்டபடி மண்டியிடுவாரே, அப்போது அவர் கால்விரல் உண்மையாகவே உடைந்தது. நடிகர் ஒருவர் வேடத்துக்குள் நுழைந்த கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இது தேய்மானத்தின் கதை. டவுன்செண்டுக்கு வாய்க்காத தேய்மானம் இவர் முகத்தில் தானாக ஏறியது.

2000 ஏப்ரல் 7 அன்று இணையத்தில் முதல் முன்னோட்டம் வந்தது. முதல் 24 மணி நேரத்தில் 17 லட்சம் முறை அதை இறக்கிக்கொண்டார்கள். இணைப்பு மெதுவாக ஊர்ந்த காலம் அது. இரண்டு நிமிடக் காட்சிக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2001 மே மாதம் கான் விழாவில் 26 நிமிடம் காட்டினார்கள். அந்த டிசம்பரில் முதல் படம் திரைக்கு வந்தது. பிரீ சத்திரத்தின் மூலையில், புகைக்குழாயின் நெருப்பு ஒரு கணம் மேலெழும்ப, முக்காட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் தெரிந்தன. அரங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூச்சை இழுத்துப்பிடித்தது கேட்டது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அடுத்த ஆண்டு நீண்ட வடிவம் வட்டில் வெளியானபோது, படம் முடிந்தபின் ஓடும் பெயர்ப்பட்டியலின் இறுதியில் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்களையும் சேர்த்திருந்தார்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் வெறும் பெயர்கள். யார் யாரோ, எந்தெந்த ஊரோ. யார் அரகோர்ன் என்று இரவெல்லாம் வாதிட்டவர்களின் பெயர்கள் அவனுடைய பெயர் வந்த அதே திரையில் மேலேறிப் போயின. நான் வட்டை நிறுத்தாமல் கடைசி வரை பார்த்தேன்.

இப்போது நாவலை எடுத்தால் அரகோர்ன் விகோவின் முகத்தோடுதான் வருகிறான். போரிலும், முடிசூடும்போதும், ஆர்வெனின் பக்கத்திலும். பெரியப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அவர் இன்னும் இருக்கிறார். சேறு படிந்த காலணியோடு கால்களை நீட்டிப்போட்டு ஒருவன் மூலையில் உட்கார்ந்து கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்தில், பெயர் தெரிவதற்கு முந்தைய நாலைந்து வரிகளில்.