உச்சத்தில் எடுத்த அளவு: ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் தொடக்க வெற்றியும் பிந்தைய சரிவும்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைப் பற்றிய எழுத்தில் ஒரு கதை பருவந்தோறும் திரும்ப வருகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவர் களமிறங்குகிறார். முதல் ஆண்டிலேயே பார்ப்பவர்களை வாய்பிளக்க வைக்கிறார். இருபத்திரண்டு வயதில் 'அந்தப் பழைய ஆட்டம் எங்கே போயிற்று' என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பதிலும் கைவசம் இருக்கிறது: புகழ் தலைக்கேறிவிட்டது, பணம் வந்ததும் முனைப்பு போய்விட்டது, உழைப்பு போதவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலை மறுக்கிறது. சரிவு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, வீரரை எப்போது அளந்தோம் என்பதிலிருந்தே பிறக்கிறது. எஞ்சியதை முழங்காலிலும் மண்டையோட்டிலும் எதிரணியின் திட்டத்திலும் அணி மாற்றத்திலும் தேட வேண்டும். குணத்தை விசாரிக்க வேண்டியது கடைசியில். நடைமுறையில் அதைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

அளக்கும் கருவிகளிலிருந்து தொடங்கலாம். ரைசிங் ஸ்டார் விருது 1993 முதல் வழங்கப்படுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் 21 வயது நிரம்பாதவராகவும், அதற்கு முன் பத்து ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவராகவும் இருந்தால்தான் தகுதி. பிரவுன்லோ பதக்கம் 1924 முதல் உள்ளது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கள நடுவர்கள் மூன்று வீரர்களுக்கு 3, 2, 1 என்று வாக்களிப்பார்கள், இறுதிச்சுற்று ஆட்டங்கள் கணக்கில் சேராது. இரண்டுமே ஒரே ஒரு பருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவை. ரைசிங் ஸ்டாரை இரண்டாம் முறை வெல்ல வழியே இல்லை. ஆகவே அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் தம் முதல் நல்ல ஆண்டைக் கொண்டே அறியப்படுகிறார்கள். அதன்பின் ஆடுவதெல்லாம் அதோடு ஒப்பிடப்படுகிறது.

இப்படிப் பொறுக்கியெடுத்தவர்களை மறுபடி அளந்தால் என்ன ஆகும்? 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தைப் பிள்ளைகளின் உயரத்தோடு ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருந்தார்கள். ஓர் அளவில் நிலையான திறனும் தற்செயலும் கலந்திருந்து, உச்சியில் இருப்பவர்களை மட்டும் தனியே பிரித்தால், சராசரியை நோக்கிய இந்தத் திரும்பல் எந்தத் துறையிலும் நிகழும். கற்றவர்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பொருளியலாளர் ஹோரஸ் செக்ரிஸ்ட் 1933இல் அமெரிக்க வணிக நிறுவனங்களின் கணக்குகளைத் திரட்டி, முன்னணியில் இருந்தவை ஆண்டுக்கு ஆண்டு நடுத்தரத்துக்கு இறங்குவதாகப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். தொடக்க ஆண்டை வைத்து நிறுவனங்களைப் பிரித்ததால் மட்டுமே அந்த இறக்கம் தோன்றுகிறது என்று ஹரால்ட் ஹோட்டலிங் காட்டினார். கடைசி ஆண்டை வைத்துப் பிரித்திருந்தால் அதே நிறுவனங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போவதாகத் தெரிந்திருக்கும். கால்பந்து வட்டாரத்தில் 'இரண்டாம் ஆண்டுச் சோர்வு' என்று பேசுவதில் செக்ரிஸ்டின் பிழை அப்படியே குடியிருக்கிறது.

மாட் ரோவெல் இதற்கு நல்ல சான்று. 2019 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் தேர்வாக கோல்ட் கோஸ்ட் அணிக்குப் போனவர் அவர். 2020இல் தம் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆட்டங்கள் ஒவ்வொன்றிலும் நடுவர்களின் 3 வாக்குகளையும் பெற்றார். ஐந்தாவது ஆட்டத்தில் ஜீலாங்குக்கு எதிராகத் தோளில் அடிபட்டு அந்தப் பருவம் முடிந்தது. 2021இன் முதல் ஆட்டத்தில் முழங்கால். திரும்பி வந்தபின் அவரையும் 'முன்போல் இல்லை' என்றார்கள். எந்த முன்பு? மூன்று வாரங்கள்தான் அந்த முன்பு. மூன்று ஆட்டங்களைக் கொண்டு ஒரு மனிதனின் இயல்பு நிலையை வரையறுப்பது அளவியலாகாது. ரோவெல் 2025இல் பிரவுன்லோ வென்றார். அதற்கு மூன்றாண்டு முன் எழுதப்பட்ட மதிப்பீடுகளை இன்று எடுத்துப் படித்தால், ஆட்டத்தைவிட எழுதியவர்களின் அவசரமே அவற்றில் தெரிகிறது.

ஆனால் எல்லாவற்றையும் புள்ளியியலில் கரைத்துவிட முடியாது. சிலரின் ஆட்டம் உண்மையாகவே இறங்கியது. அதில் எதிரணிக்கும் பங்கு உண்டு. புதிதாக வரும் நடுக்கள வீரரை முதல் ஆண்டில் யாரும் தனியாகக் காவல் காப்பதில்லை. விருது கிடைத்த மறு பருவம் 'டேக்கர்' வந்து சேர்கிறார். நடுவர் பந்தை உயர்த்தும் கணத்தில் இவரைப் பாருங்கள்: பந்தைப் பார்க்கமாட்டார், தமக்கு ஒப்படைக்கப்பட்டவரின் இடுப்பைத்தான் பார்ப்பார். முழங்கையை அவர் மார்பின் குறுக்கே வைத்து, பந்து விழப்போகும் பக்கம் ஓரடி முந்தி நின்று, அவர் கிளம்பும் அந்த அரை நொடியைக் களவாடுவார். தமக்குப் பந்து கிடைக்காதது பற்றி அவருக்குக் கவலை இல்லை. இப்படி இரண்டு மணி நேரம். முன்கள வீரருக்கும் இதே கதிதான்: முதல் ஆண்டில் எதிரணியின் மூன்றாம் தரத் தடுப்பாளர் நின்ற இடத்தில் இப்போது முதல் தரத் தடுப்பாளர் நிற்பார். வீரரின் திறன் குறையாமலே பந்து தொட்ட எண்ணிக்கை குறைகிறது.

அடுத்தது உடல். ஜேகர் ஓமேரா 2013இல் கோல்ட் கோஸ்ட் அணியில் ரைசிங் ஸ்டார் ஆனார். முழங்காலால் 2015, 2016 இரண்டு பருவங்களும் ஓர் ஆட்டமும் இல்லாமல் போயின. ரைஸ் பால்மர் 2008இல் ஃபிரிமாண்டிலில் அதே விருதை வென்றார். மறு ஆண்டே முழங்கால் தசைநார் அறுந்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸின் ஆடம் கூனி 2008இல் 22 வயதில் பிரவுன்லோ வென்றார். அந்தப் பருவத்தின் முடிவிலேயே அவருடைய முழங்கால் பழுதுபட்டிருந்தது. பிறகு அது முழுதாகச் சரியாகவே இல்லை. ஆயினும் எசெண்டனுக்கு மாறி, 250 ஆட்டங்களோடு 2016இல் ஓய்வு பெற்றார். பெரும்பாலான வீரர்கள் நூறாவது ஆட்டத்தையே எட்டாத விளையாட்டு இது. ஒரு பழுதான முழங்காலோடு 250ஐத் தொட்டவரைச் சரிந்தவர் என்று எப்படி எழுதினோம் என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது.

இவ்வாதத்துக்கு மிகுதியும் உதவுவது செயின்ட் கில்டாவின் இரட்டையர் கதை. 2000 டிராஃப்டின் முதல் இரு தேர்வுகளும் அந்த அணிக்கே கிடைத்தன: நிக் ரீவோல்ட், ஜஸ்டின் கோஷிட்ஸ்கி. முந்திக்கொண்டவர் கோஷிட்ஸ்கி, 2001இன் ரைசிங் ஸ்டார் அவரே. ரீவோல்ட் காயத்தால் அந்த ஆண்டு ஆறே ஆட்டங்கள் ஆடினார். பத்து ஆட்ட வரம்பைத் தாண்டாததால் 2002இலும் தகுதியோடு இருந்தார், அவ்விருதையும் வென்றார். அதாவது, ரீவோல்டின் காயம் அவரை ஓராண்டு முதிர்ந்தபின் அளக்க வழி செய்தது. கோஷிட்ஸ்கியின் நலம் அவரை முன்கூட்டியே அளவுகோலின் கீழ் நிறுத்தியது. அதன்பின் கோஷிட்ஸ்கிக்குக் காயங்கள் அடுக்கடுக்காக வந்தன. 2006இல் டேனியல் ஜியான்சிராகுசாவோடு மோதியதில் மண்டையோடு முறிந்தது. பிறகு தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், நேரலையிலேயே மயங்கிச் சாய்ந்தார். அவர் 200 ஆட்டங்களும் ரீவோல்ட் 336 ஆட்டங்களும் ஆடி முடித்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே அணி, ஒரே பயிற்சிக் கூடம். இந்த 136 ஆட்ட இடைவெளியைக் குணத்தின் கணக்கில் எழுத எவருக்கும் உரிமை இல்லை.

குணம் உண்மையிலேயே குறுக்கே வரும் வழக்குகளும் உண்டு. அவற்றைத் தவிர்த்தால் வாதம் நேர்மையாக இராது. காலிங்வுட்டின் ஜெய்டின் ஸ்டீஃபன்சன் 2018இல் 38 கோல்கள் அடித்து ரைசிங் ஸ்டார் ஆனவர். 2019இல் தம் அணியின் ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டினார். கட்டிய மொத்தப் பணம் 36 டாலர். 22 ஆட்டத் தடை விதித்து, அதில் 12ஐ நிறுத்திவைத்தார்கள். தவறு அவருடையதுதான், ஐயமில்லை. ஆனால் தடை முடிந்து வந்து அதே ஆண்டு ஆடினார். 2020 முடிவில், சம்பள உச்சவரம்பில் சிக்கிய காலிங்வுட் அவரை நார்த் மெல்போர்னுக்கு அனுப்பியது. அந்த அணி 2021, 2022 இரண்டிலும் பட்டியலின் கடைசியில் நின்றது. பந்து வந்து சேராத அணியில் ஒரு முன்கள வீரரின் கோல் கணக்கு எதைக் காட்டும்? 2024இல், 25 வயதில் அவர் ஓய்வு பெற்றார். அந்த ஆறு ஆண்டுகளையும் 36 டாலரில் அடக்கிவிடுவது வசதியான விளக்கம். விளக்கத்துக்குரிய உழைப்பு அதில் இல்லை.

அவருக்கு எதிர்முனையில் ஜெஸி ஹோகன் இருக்கிறார். 2015இல் மெல்போர்ன் அணியில் அதே விருது. 2017இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு அவருக்கு விரைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஃபிரிமாண்டிலுக்கு மாறி, இரண்டு பருவங்களில் இருபது ஆட்டம்கூட ஆடவில்லை. மனப்பதற்றத்துக்காக ஓய்வெடுத்தபோது அவரைப் பற்றி என்னென்னவோ பேசப்பட்டது. பிறகு கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணிக்குப் போய், 2024இல் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கத்தை வென்றார். குணம் இடையில் மாறிவிட்டதா? உடல் தேறியது, ஊர் மாறியது, பந்தை ஒழுங்காகக் கொண்டுவந்து தரும் நடுக்களம் கிடைத்தது. 2020இல் இந்த வழக்கை மூடியிருந்தால் தவறான தீர்ப்போடு மூடியிருப்போம்.

ஒரு மறுப்பு எழலாம். முதல் பதினொரு ரைசிங் ஸ்டார்களில் நேதன் பக்லி, பென் கசின்ஸ், ஆடம் குட்ஸ், சாம் மிட்செல் ஆகிய நால்வர் பின்னர் பிரவுன்லோவும் வென்றார்கள். சராசரியை நோக்கிய திரும்பல் அவர்களை மட்டும் ஏன் விட்டது? விடவில்லை. அந்தப் போக்கு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, தனி மனிதரைப் பற்றி அன்று. பதினொருவரில் நால்வர் என்பதே இவ்விருது திறனைக் கண்டுபிடிக்கத் தெரிந்த விருது என்பதற்குச் சான்று. எஞ்சிய எழுவரும் ஏமாற்றினார்கள் என்பதற்குச் சான்றாகாது. வெற்றியாளரை அவருடைய சொந்த உச்சத்தோடு ஒப்பிடுவதை விட்டு, அதே ஆண்டு வாக்கில் அவருக்கு அடுத்து நின்றவர்களோடு பத்தாண்டுக்குப் பிறகு ஒப்பிட்டால்தான் விருதுக்குப் பின் உண்மையில் சரிவு உண்டா என்று தெரியவரும்.

அந்த ஒப்பீட்டிலும் அடங்காதவர் ஒருவர் உண்டு. 2013 டிராஃப்டின் முதல் தேர்வான டாம் பாய்ட், 2016 இறுதிப் போட்டியில் 21 வயதில் மூன்று கோல்கள் அடித்து, 1954க்குப் பின் புல்டாக்ஸ் பெற்ற முதல் கோப்பையில் பெரும் பங்கு வகித்தார். மறு ஆண்டு மனச்சோர்வைப் பகிரங்கமாகச் சொல்லி ஆட்டத்திலிருந்து விலகி நின்றார். 2019 மே மாதம், ஏழாண்டு ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஆண்டுகளின் பணத்தை விட்டுவிட்டு, 23 வயதில் ஓய்வு பெற்றார். ஆடியவை 61 ஆட்டங்கள். இவரைச் சரிந்தவர்கள் பட்டியலில் சேர்ப்பவர்கள், எதை அளந்து சேர்த்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.