பாதிரியார் இல்லாத முப்பது வருடங்கள்

கேளம்பாக்கத்தில் இருந்து கிழக்கே கோவளம் போனால் கடலுக்குப் பக்கத்திலேயே கார்மேல் மாதா கோவில். 1808-ல் ஜான் டி மாண்ட்டி என்கிற வியாபாரி கட்டியது. ஜூலை 16 கார்மேல் மாதா திருநாள். நம் கடற்கரைக் கோவில்களில் திருவிழா என்றாலே கொடியேற்றம், தேர்பவனி, பூசை, வீட்டில் விருந்தாளிகள் என்று ஒரே கலகலப்புதான்.

சரி, இதையெல்லாம் எடுத்துவிட்டால்? கோவில் கையை விட்டுப் போய்விட்டது, சாமியார் இல்லை, பூசை இல்லை, திருவிழாவுக்குத் தடை. அப்போது விசுவாசத்தில் என்ன மிச்சம் இருக்கும்? இது கற்பனைக் கேள்வி இல்லை நண்பர்களே. யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு நிஜமாகவே நடந்தது.

1658-ல் டச்சுக்காரர்கள் (ஈழத்தில் ஒல்லாந்தர் என்பார்கள்) போர்த்துக்கீசியரிடம் இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று உத்தரவும் போட்டார்கள். டச்சுக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சீர்திருத்தச் சபைக்காரர்கள். கத்தோலிக்கர் என்றாலே போர்த்துக்கீசியரின் ஆள் என்ற சந்தேகம் அவர்களுக்கு. மதத்தோடு அரசியலும் வியாபாரமும் கலந்த பயம் அது.

அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் பள்ளிக்கூடம். ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். அதில் பெயர் இல்லாவிட்டால் வாரிசு, சொத்து என்று எல்லாவற்றிலும் சிக்கல். அதனால் ஜனங்கள் பெயரைப் பதிந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பினார்கள். ஏட்டில் பார்த்தால் ஊரே சீர்திருத்தச் சபை. வணிகவியல் படிக்கும் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, பேரேட்டில் இருப்பதும் கையிருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இங்கே ஒத்துப்போகவில்லை! கையிருப்பு வீட்டுக்குள் இருந்தது.

வீட்டில் என்ன இருந்தது? மனப்பாடமாகத் தெரிந்த செபங்கள், ஒரு செபமாலை, தாத்தா பாட்டி சொன்ன கதைகள், எது எந்த மாதம் வரும் என்று மறக்காமல் வைத்திருந்த பண்டிகைகள். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொல்ல வேண்டிய செபங்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழில் செபங்களைப் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்து, சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். தமிழ்க் கடற்கரையில் விசுவாசம் ஆரம்பத்திலேயே வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

1687-ல் யோசேப் வாஸ் என்ற கோவா நாட்டுக் குரு, கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் தலை போகும். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்ததும் எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று கவனித்தார். மாறியது! பிறகு சில்லாலை போன்ற ஊர்களில் ஒளிந்திருந்து, இரவில் வீடுகளில் பூசை வைத்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1658-க்கும் 1687-க்கும் இடையே 29 வருடம். அப்போது இருபத்தைந்து வயதான ஒருவர், தன் ஊர்க் கோவிலில் வெளிப்படையாகப் பூசை நடந்து பார்த்ததே இல்லை. பார்த்திராத ஒன்றுக்காகக் காத்திருந்தார், ஏனென்றால் அம்மா சொல்லியிருந்தாள். நம்பிக்கை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விலையும் கொடுத்தார்கள். 1689 கிறிஸ்துமஸ் இரவில் பூசைக்காகக் கூடியிருந்த குடும்பங்களை டச்சுப் படைவீரர்கள் வளைத்துப் பிடித்தார்கள். முக்கியமானவர்களுக்குக் கசையடி. அதில் ஒருவர் இறந்தே போனார். வாஸ் தப்பித்துக் கண்டி ராச்சியத்துக்குப் போனார், 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 2015-ல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த வீடுகளில் இருந்த அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் எந்தப் பட்டமும் இல்லை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

குடும்பத்தில் இருந்து வரும் பக்தி வெறும் பழக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஊரே கொண்டாடும்போது நாமும் கொண்டாடினால் அது பழக்கமாக இருக்கலாம். ஆனால் தண்டனை உறுதி என்று தெரிந்தும் டிசம்பர் 24 இரவு ஒரு குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினால், அதைப் பழக்கம் என்று சொல்லிவிட முடியுமா? பழக்கத்துக்காக யாரும் கசையடி வாங்க மாட்டார்கள்.

இப்போது நம் பண்டிகைகளில் பாதி தள்ளுபடி விற்பனையில் போய்விடுகிறது. நட்சத்திரம் வாங்குகிறோம், கேக் வாங்குகிறோம், புதுத்துணி எடுக்கிறோம். தப்பில்லை, எனக்கும் கேக் பிடிக்கும். ஆனால் அந்த யாழ்ப்பாண வீடுகளில் கடைசி வரை மிஞ்சியது இவை எதுவும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சொல்லும் பத்து நிமிட செபம் மாதிரி ஏதோ ஒன்றுதான். வரும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள், உங்கள் பாட்டியிடம் அவர் சின்ன வயதில் என்ன செபம் சொன்னார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்தத் தோம்பிலும் ஏறாத சரித்திரம் அது.