உரையாடல்வழி மனோவசியம்

உரையாடல்வழி மனோவசியம் என்பது, வசியம் செய்யப்போவதாக முன்கூட்டிச் சொல்லாமல், சாதாரணப் பேச்சின் ஊடாகவே ஒருவரை அறிதுயில் நிலைக்குக் கொண்டுசெல்வதாகக் கூறப்படும் முறை ஆகும். அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சனின் (1901–1980) சிகிச்சை முறையிலிருந்து இக்கருத்து பரவியது. எதிரில் இருப்பவர் அறியாமலேயே அவரை இணங்க வைத்துவிடலாம் என்று இன்று விற்பனைப் பயிற்சிகளில் இது கற்பிக்கப்படுகிறது. அப்படி நடக்குமா என்ற கேள்வி எரிக்சனுக்கு வெகுகாலம் முன்பே சோதிக்கப்பட்டுவிட்டது.

தொட்டியிலிருந்து சொல்லுக்கு

1778இல் பாரிசுக்கு வந்த மருத்துவர் ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர், உடலில் ஓடும் ஒருவகைக் காந்தத் திரவமே நோய்க்கும் நலத்துக்கும் காரணம் என்றார். இரும்புக் கம்பிகள் நீட்டிய தொட்டியைச் சுற்றி நோயாளிகளை உட்காரவைத்தார். பலருக்கு வலிப்பு வந்தது. சிலர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். 1784இல் பதினாறாம் லூயி மன்னர் இதை ஆராயக் குழு அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லாவோசியேயும் அதில் இருந்தனர்.

அக்குழு செய்த ஒரு சோதனை இங்கு முக்கியமானது. ஒரு பெண்ணை அறையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். காகிதத் தடுப்புக்குப் பின்னால் நின்ற ஒருவர், அவளுக்குத் தெரியாமல், அரை மணி நேரம் 'காந்தமேற்றினார்'. அவள் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவள் பார்க்கும்படி அதையே செய்தபோது சில நிமிடங்களில் வலிப்பு வந்தது. திரவம் என்று எதுவும் இல்லை, கற்பனையே விளைவைத் தருகிறது என்று குழு முடிவு செய்தது. மெஸ்மருக்கு அது தோல்விதான். ஆனால் கற்பனைக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று அன்று யாரும் வியந்து மேலே தேடவில்லை.

தேடியவர்களுள் ஒருவர் கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. 1813இல் பாரிசில் சொற்பொழிவு நிகழ்த்திய அவர், தொட்டியையும் கைவீச்சையும் விட்டுவிட்டு "தூங்கு" என்ற கட்டளையையே பயன்படுத்தினார். ஆற்றல் செய்பவரிடம் இல்லை, கேட்பவரிடமே உள்ளது என்றார். கேலிதான் மிஞ்சியது. மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843இல் 'ஹிப்னாடிசம்' என்ற பெயரை நூலில் நிலைநிறுத்தினார். பின்னர் பிரான்சின் நான்சி நகரப் பேராசிரியர் பெர்னேம், தூக்கம்கூடத் தேவையில்லை, கருத்தேற்றமே போதும் என்ற இடத்துக்கு வந்தார்.

எரிக்சனும் தக்காளிச் செடியும்

பதினேழு வயதில் போலியோவால் முடங்கிப் படுத்த எரிக்சன், பிறருடைய குரலையும் அசைவையும் கூர்ந்து கவனித்தே தம் முறையைக் கற்றதாகச் சொல்வார். அவர் கட்டளையிடுவதில்லை. கதை சொல்வார், சுற்றிவளைத்துப் பேசுவார், நடுவில் சில சொற்களை மட்டும் குரல் மாற்றி அழுத்துவார்.

1966இல் அவர் வெளியிட்ட ஒரு நிகழ்வு பெரும்புகழ் பெற்றது. ஜோ என்ற பூ வியாபாரி முகத்தில் வந்த புற்றுநோயின் வலியால் துடித்துக்கொண்டிருந்தார். தொண்டையில் துளையிட்டிருந்ததால் பேச முடியாது, எழுதித்தான் காட்டுவார். மனோவசியம் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. எரிக்சன் அச்சொல்லைத் தொடவேயில்லை. தக்காளி விதையைப் பற்றி, அது மண்ணில் நிம்மதியாக இருப்பது பற்றி, மழை வந்து அதற்கு இதம் தருவது பற்றி நெடுநேரம் பேசினார். வலி தணிந்தது, தூக்கம் வந்தது, ஜோ வீடு திரும்பினார் என்று அவர் பதிவு செய்துள்ளார்.

மனத்தைத் தொடும் பதிவு இது. ஆயினும் மருத்துவர் தாமே எழுதிய ஒற்றை நிகழ்வு. பேச்சு மாறுவேடமிட்டிருந்தாலும், தம் வலியைத் தீர்க்க ஒரு மருத்துவர் வந்திருக்கிறார் என்பது ஜோவுக்குத் தெரியும். தெருவில் முகமறியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது வேறு. எரிக்சனே 1939இல், அறிதுயிலில் இருப்பவரைத் தகாத செயலுக்குத் தூண்ட முடியுமா என்று பரிசோதித்து, அவர்கள் மறுத்துவிடுகிறார்கள் என்றே எழுதினார். அவர் பெயரால் நடக்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

சந்தையும் சோதனையும்

கலிபோர்னியாவின் ரிச்சர்ட் பாண்ட்லரும் மொழியியலாளர் ஜான் கிரிண்டரும் எரிக்சனின் பேச்சு முறையைப் பகுத்து 1975, 1977 ஆண்டுகளில் இரு தொகுதிகள் வெளியிட்டனர். அவர்கள் உருவாக்கிய என்.எல்.பி. வழியாக, நோயாளியின் கட்டிலருகே பிறந்த முறை விற்பனையாளரின் மேசைக்குச் சென்றது. 1988இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகத்தின் குழு, என்.எல்.பி.க்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிக்கை தந்தது.

மறைமுகச் சொல் நேரடிச் சொல்லைவிட வலியதா என்பதும் ஆராயப்பட்டது. ஸ்டீவன் ஜே லின் முதலானோர் 1993இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், மறைமுகச் சொல்லுக்குத் தனி மேன்மை தெரியவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடோ பெரியது. 1959இல் வந்த ஸ்டான்ஃபோர்டு அளவுகோல் முதலான சோதனைகளில், ஒரு சிறுபகுதியினரே மிக எளிதில் ஆழ்நிலை அடைகிறார்கள். பேசுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேறு சிலர் அசைவதேயில்லை.

2005இல் காந்தி, ஓக்லி என்ற ஆய்வாளர்கள் ஒரே தொடக்க வாசகத்தை இரு குழுக்களிடம் படித்துக் காட்டினர். ஒரு குழுவிடம் அது மனோவசியம் என்றும், மற்றதிடம் உடல் தளர்ச்சிப் பயிற்சி என்றும் சொன்னார்கள். மனோவசியம் என்று சொல்லப்பட்டவர்களே கருத்தேற்றத்துக்குத் தெளிவாகக் கூடுதலாக ஆட்பட்டனர். வசியம் செய்வதை மறைத்துப் பேசுகிறவர், அதில் வேலை செய்யும் பகுதியையே மறைத்துவிடுகிறார்.