ஒப்பந்தமும் உரைகாரரும்

நூல் ஒன்று, உரை பல. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. மூலம் எத்துணைச் சிறந்ததாயினும், அதனை எடுத்துரைப்பார் இல்லையேல் ஏட்டளவில் நின்றுவிடும். இவ்வுண்மை இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. மலாயாத் தோட்டங்களில் கூலி ஒப்பந்தம் என்னும் மூலத்துக்கும் உரைகாரர் இருந்தனர். அவர்களே தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிச் செயலாளர்கள்.

தொடக்கத்தில் உரை சொல்ல மூலமே இருந்ததில்லை. கங்காணி முறையில் வந்த தொழிலாளிக்குக் கூலி இவ்வளவு என்று அறிவிக்கப்பட்டதேயன்றி, ஏன் இவ்வளவு என்று கேட்கும் உரிமை கிடையாது. 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் கூலி குறைக்கப்பட்டபோது தொழிலாளரை யாரும் கலந்துகொள்ளவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் மூண்டது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. வேலைநிறுத்தம் துப்பாக்கி கொண்டு அடக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப்பின் எழுந்த சங்கங்கள் பலவும் 1948ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தால் சிதைந்தன. 1954இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். முதலாளிமார் சங்கத்தோடு அது செய்துகொண்ட ஒப்பந்தங்களால், ஐம்பதுகளில் பால்வெட்டுக் கூலி ரப்பர் விலையோடு இணைந்து ஏறி இறங்கிற்று.

மூலம் கிடைத்தது, ஆனால் அஃது ஆங்கிலத்தில் இருந்தது. பால் வெட்டுவோரில் ஆங்கிலம் அறிந்தோர் அரியர். சங்கத்தின் தமிழ் ஏடான ‘சங்கமணி’ செய்தியைக் கொண்டுவந்தது எனினும், பெரட்டுக் களத்தில் நிற்பவனுக்குத் தன் வழக்கை அதனோடு பொருத்திக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. தாமும் மரம் வெட்டுபவராகிய கமிட்டிச் செயலாளரே அப்பணியை மேற்கொண்டார்.

அவர் பணியை உரை மரபிலேயே வகுத்துக் காணலாம். முதலாவது பதவுரை. ஒப்பந்தத்தில் ‘ஒரு நாள் வேலை’ என்றால் என்ன? விடியலில் பெரட்டுக்கு வந்தவனை மழை திருப்பி அனுப்பினால் அன்று பேர் உண்டா? வெட்டி முடித்தபின் கோப்பைப் பாலை மழை அடித்துச் சென்றால் அந்த இழப்பு யாருடையது? ஒரு சொல்லின் பொருளிலே ஒரு குடும்பத்தின் அரிசி அடங்கியிருந்தது.

இரண்டாவது பொழிப்புரை. ரப்பர் விலை ஏறிய செய்தியைக் கேட்டவன் கூலி ஏறவில்லையே என்று குமுறுவான். எந்தக் காலத்து விலை எந்தக் காலத்துக் கூலிக்கு அளவு என்பதையும், பாலின் எடை வேறு, அதிலுள்ள காய்ந்த ரப்பரின் கணக்கு வேறு என்பதையும் அவனுக்கு விளங்கவைத்தல் வேண்டும்.

மூன்றாவது விரிவுரை. அது துரையின் ஆபீசில் நிகழ்வது. குறை ஒப்பந்தத்தைச் சார்ந்ததா, சட்டத்தைச் சார்ந்ததா, வெறும் வழக்கத்தைச் சார்ந்ததா என்று பிரித்தறியாது வாதிடுபவர் தோற்பார். அங்குத் தீராதது சங்கக் காரியாலயத்துக்குச் செல்லும். 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இதற்கு மேலும் வலுவூட்டியது. கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும்; மூன்றாண்டுக்குக் குறையாது நிலவுதல் வேண்டும்; அதன் பொருள் பற்றி ஐயம் எழுந்தால் தீர்க்கும் வழியும் இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. இறுதி உரை சொல்லும் இடமாகத் தொழில் நீதிமன்றம் அமைந்தது.

நல்ல உரைகாரர் மூலத்தில் இல்லாததை ஏற்றிக் கூறார். செயலாளருக்கு இதுவே கடுஞ்சோதனை. பக்கத்து லயத்தில் குடியிருப்பவனிடம், உறவினனிடம், “இதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை, தம்பி” என்று சொல்ல நேரும். துரைக்கு விலைபோனவர் என்ற பழியும் வரும். ஆயினும், இல்லாததை இல்லையென்று சொன்னவர் உள்ளதை உண்டென்று சொன்னபோதுதான் ஆபீசில் அச்சொல் ஏறிற்று.

உரைக்கும் எல்லை உண்டு. மாதச் சம்பளம் என்னும் சொல் ஒப்பந்தத்தில் நெடுங்காலம் இடம்பெறாதிருந்தது; எந்தச் செயலாளரும் அதனை உரையால் உண்டாக்க இயலவில்லை. அதற்குப் பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்ற குறைந்தபட்ச ஊதியம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர்.

திருக்குறள் உரைகாரர் பதின்மரின் பெயர்களேனும் நமக்குத் தெரியும். தோட்டத்து உரைகாரர்களின் பெயர்களை எழுதி வைத்தாரில்லை. தோட்டப் பள்ளியில் கற்ற சில ஆண்டுக் கல்வியே அவருட் பலர்க்கு முதல். அச்சிறு கல்வி கொண்டு ஒரு சொல்லை ஊன்றிப் படித்து, அயலான் வீட்டு அடுப்பெரியச் செய்தார்கள். கல்வியின் பயன் யாது என்று வினவும் மாணவனுக்கு ஆசிரியர் இவர்களையும் எடுத்துக் காட்டலாம்.