215 குதிரைகளும் ஓர் இரும்புத் தகடும்

1994-ல் அமெரிக்காவில் டீசல் புகைக்கு ஒரு புதிய வரம்பு அமலுக்கு வந்தது. கனரக வாகன இன்ஜின் ஒவ்வொரு குதிரைத்திறன்-மணிக்கும் வெளியே தள்ளும் கரித்துகள் 0.10 கிராமைத் தாண்டக்கூடாது. மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே வரம்பு 0.25 கிராமாக இருந்தது. புது வரம்புக்குள் நிற்பதற்காக கம்மின்ஸ் நிறுவனம் டாட்ஜ் ராம் பிக்கப்புக்குக் கொடுத்துவந்த 5.9 லிட்டர் இன்ஜினில் எரிபொருள் பம்ப்பை மாற்றியது. பழைய சின்ன பம்ப்பை எடுத்துவிட்டு, லாரிகளுக்குப் போடுகிற பெரிய பாஷ் பம்ப்பை வைத்தது.

விளைவு வேடிக்கையானது. புகையைக் குறைக்க வந்த அந்த பம்ப்தான் முப்பது வருடங்களாக அமெரிக்க டீசல் பிரியர்கள் தேடித் தேடி வாங்கும் பம்ப். காரணம், அதைத் திருகிவிட்டால் வேண்டிய அளவு சக்தி வரும். கூடவே, வேண்டிய அளவு கரும்புகையும் வரும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இன்ஜினியரிங் படிப்பில் வெப்ப இயக்கவியலை மதிப்பெண்ணுக்காகப் படித்ததோடு சரி. இந்த விஷயத்துக்குள் வந்தது கூட வேலை பார்க்கிற ஒருவரால். அவரிடம் ஒரு 1997 ராம் 2500 இருக்கிறது. ஐந்து கியர், மேனுவல். அதில் டிரெய்லர் இழுத்து மலையேற வேண்டும். சக்தி போதவில்லை, எதை மாற்றலாம் என்று மதிய உணவு நேரத்தில் ஒரு பட்டியலை நீட்டினார். பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரையும் தோண்டப்போய், ஒரு நூற்றாண்டு வரலாறு வெளியே வந்தது.

முதலில் ஓர் அடிப்படை. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறப்பது காற்றுக்கான வழி. வரும் காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோல் சேரும். டீசலில் காற்றுக்கு அப்படிக் கதவு எதுவும் கிடையாது. கிடைக்கிற காற்று முழுவதும் உள்ளே போகும். மிதிப்பது எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதை மட்டும்தான். ஆகவே டீசல் இன்ஜினின் சக்தி என்பது, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கன மில்லிமீட்டர் டீசலை, எந்த நொடித்துளியில், எவ்வளவு அழுத்தத்தில் உள்ளே தள்ளுகிறோம் என்பதுதான். காற்றுக்கு மீறி டீசல் போனால், எரியாத மிச்சம் கரியாகி வெளியே வரும். கரும்புகை என்பது காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல்.

ருடால்ஃப் டீசலுக்கே இந்தப் பீய்ச்சுகிற வேலைதான் பெரும் தலைவலி. 1897-ல் ஓடிக் காட்டிய அவருடைய இன்ஜினில், ஒரு தனி கம்ப்ரஸர் அழுத்திக்கொடுத்த காற்றின் வேகத்தில்தான் எரிபொருள் உள்ளே போனது. அந்த கம்ப்ரஸரின் கனத்தைச் சுமந்துகொண்டு எந்த வண்டியும் ரோட்டில் ஓட முடியாது. கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் சரி. டீசலை லாரிக்குள் கொண்டுவந்ததில் பெரும் பங்கு ராபர்ட் பாஷ் நிறுவனத்துக்கு உண்டு. 1922-ல் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1927 கடைசியில் பீய்ச்சு பம்ப்பைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு குட்டி பிஸ்டன் வீதம் வரிசையாக நிற்கும். அதனால்தான் அதற்கு இன்லைன் பம்ப் என்று பெயர்.

அந்தக் குட்டி பிஸ்டனின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது மேலே ஏறும் தூரம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் அதன் உடம்பில் சாய்வாக, திருகு மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ஏறும்போது அந்தப் பள்ளத்தின் விளிம்பு பக்கத்துத் துவாரத்தைத் தொட்டதும், மிச்ச டீசல் திரும்பி ஓடிவிடும், பீய்ச்சல் நின்றுவிடும். பிஸ்டனைக் கொஞ்சம் திருப்பினால் விளிம்பு துவாரத்தைத் தொடுவது தள்ளிப்போகும், டீசல் கூடும். எல்லாப் பிஸ்டன்களையும் ஒன்றாகத் திருப்புவதற்கு ராக் என்கிற ஒரு பல்கம்பி. சுற்றும் எடைகளைக் கொண்டு அந்த ராக்கை முன்னும் பின்னும் இழுப்பது கவர்னர். கம்ப்யூட்டர் கிடையாது, ஒயர் கிடையாது.

கம்மின்ஸின் ஸ்தாபகர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் அமெரிக்கர்களுக்கு டீசல்மீது இருந்த அவநம்பிக்கையைப் பந்தயத்தில் உடைக்கப் பார்த்தவர். 1931 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அவருடைய டீசல் கார் 500 மைலையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. இடம் 13-வதுதான். ஆனால் மற்ற கார்கள் எண்ணெய்க்கு நின்றன, இது நிற்கவில்லை. 1952-ல் அதே நிறுவனத்தின் டர்போ வைத்த டீசல் கார் மணிக்கு 138 மைல் வேகத்தில் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்தது. பந்தயத்தில் 71 சுற்றுகள்தான் ஓடியது. காற்று இழுக்கும் வாய் தாழ்வாக இருந்ததால் ஓடுதளத்தில் உதிர்ந்த டயர் ரப்பர் டர்போவை அடைத்துவிட்டது. எரிபொருள் இருந்தது, காற்று இல்லை. டீசலில் சக்தி கூட்ட நினைக்கிறவர்கள் இந்தக் காரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நேராக 1989. டாட்ஜ் பிக்கப்பின் உடல் 1972 வடிவம். அதற்குள் கம்மின்ஸ் தன் 'பி' வரிசையின் ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்தது. கேஸ் டிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய இன்ஜின் அது. வயலிலும் கட்டுமான இயந்திரங்களிலும் உழைக்கப் பிறந்தது. 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி முறுக்குவிசை. குதிரைத்திறனைப் பார்த்தால் ஒன்றுமில்லை, முறுக்குவிசைதான் வாங்கவைத்தது. நமக்கும் இது தூரத்துச் சொந்தமில்லை. 1993-ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது இதே 'பி' வரிசையைத்தான். நம் நெடுஞ்சாலையில் கம்மின்ஸ் என்று எழுதிக்கொண்டு போகும் டாடா லாரிகள் அந்த வம்சம்.

1989 முதல் 1993 வரை வந்த பிக்கப்புகளில் இருந்தது 'விஇ' பம்ப். ஒரே ஒரு பிஸ்டன் சுற்றிச் சுற்றி ஆறு சிலிண்டருக்கும் பகிர்ந்து கொடுக்கும். சின்னது, மலிவு. ஆனால் அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. டீசலை எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சுகிறோமோ அவ்வளவு பொடியாகச் சிதறும். பொடியாகச் சிதறினால் காற்றோடு நன்றாகக் கலந்து முழுசாக எரியும். முழுசாக எரிந்தால் கரி குறையும். 1994 வரம்பு இன்லைன் பம்ப்பைக் கேட்டது இதனால்தான். வந்து உட்கார்ந்தது 'பி-7100'. பெரிய லாரிகளுக்கென்று கட்டிய பம்ப் என்பதால் பிக்கப் கேட்டதைவிடப் பலமடங்கு டீசலைத் தள்ளக்கூடிய கொள்ளளவு அதில் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை அடக்கி வைத்தது உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புத் தகடு.

ஃப்யூவல் பிளேட் என்பார்கள். பம்ப்பின் பின்பக்கம், கவர்னருக்கு மேலே ஒரு மூடிக்குள் இருக்கும். அதன் ஓர் ஓரம் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற, கவர்னரின் ஒரு கை அந்த வளைவைத் தடவிக்கொண்டே போகும். எந்த வேகத்தில் ராக் அதிகபட்சம் எவ்வளவு நகரலாம் என்பதை அந்த வளைவு சொல்லும். என் தொழில் பாஷையில் இது ஒரு அட்டவணை. உள்ளீடு வேகம், வெளியீடு டீசலின் உச்ச அளவு. இரும்பில் வெட்டிய நிரல். அதைப் படிக்கத் தனி உரிமம் வேண்டாம், கண் போதும். திருத்த அரம் போதும்.

1996 முதல் 1998 வரை ராமில் ஒரே இன்ஜினை இரண்டு சக்தியில் விற்றார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு 180 குதிரைத்திறன், மேனுவலுக்கு 215. ஆட்டோமேட்டிக் பெட்டி அதற்கு மேல் தாங்காது என்பதால் குறைத்துக் கொடுத்தார்கள். பம்ப்பின் அமைப்பிலும் இன்ஜெக்டரிலும்தான் வித்தியாசம். அதாவது எத்தனை குதிரை என்பதை முடிவு செய்தது இன்ஜினின் திறமை இல்லை. மற்ற பாகங்களின் தாங்கும் சக்தியும், சட்டமும், உத்தரவாதக் காலமும். நண்பரின் பட்டியலைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு தகவல் போதுமாக இருந்தது. அவர் கேட்பது சக்தி இல்லை, எந்தத் தடையை நகர்த்தலாம் என்று.

தடைகளை வரிசையாகப் பார்ப்போம். தகட்டை முன்னால் தள்ளலாம், செலவே இல்லை. வேறு வளைவு வெட்டிய தகட்டை வாங்கிப் போடலாம். சிலர் தகட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நிபந்தனைகளையெல்லாம் அழித்துவிட்டு மென்பொருளை ஓடவிடுகிற ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். தகட்டுக்கு மேலே ஏஎஃப்சி என்று இன்னொரு தடை உண்டு. டர்போ காற்று அழுத்தம் ஏறும்வரை ராக்கைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும். வண்டி கிளம்பும்போது புகை வராமல் பார்த்துக்கொள்வது இதுதான். இதை யாரும் தொடக்கூடாது என்று தலை உடைந்த ஸ்க்ரூ போட்டு அனுப்பினார்கள். அந்த ஸ்க்ரூவில் காடி வெட்டித் திறப்பது எப்படி என்பது இந்த வட்டத்தில் பாலபாடம்.

அடுத்தது கவர்னர் ஸ்பிரிங். தொழிற்சாலை அமைப்பில் சுமார் 2,500 சுற்றுக்கு மேல் பம்ப் டீசலைக் குறைத்துவிடும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் 3,000 வரை இழுக்கலாம். அதற்கடுத்து டெலிவரி வால்வு, பெரிய துவாரம் வைத்த இன்ஜெக்டர், பீய்ச்சும் நேரத்தைச் சில பாகைகள் முன்னால் கொண்டுவருவது. மலையேற விரும்புகிறவருக்கு இவற்றில் பாதி தேவையே இல்லை என்பது என் கட்சி. 3,000 சுற்று பந்தயக்காரனுக்கு வேண்டும். டிரெய்லர் இழுக்கிறவனுக்கு வேண்டியது 1,600-க்கும் 2,200-க்கும் நடுவில் நிதானமான இழுவை.

பட்டியலில் இல்லாத இரண்டு பொருட்களைத்தான் நான் முதலில் எழுதச் சொன்னேன். ஒன்று, வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர். டீசல் கூடி காற்று கூடாவிட்டால் வெப்பம் ஏறும். 700 டிகிரி செல்சியஸை ஒட்டி நீண்ட நேரம் மலையேறினால் அலுமினிய பிஸ்டன் உருகத் தொடங்கலாம். வேகமாக ஒரு நிமிடம் பறப்பவரைவிட, பாரத்தோடு இருபது நிமிடம் ஏறுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டாவது, டாங்கியிலிருந்து பெரிய பம்ப்புக்கு டீசல் தரும் சின்ன பம்ப்பும், உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஓவர்ஃப்ளோ வால்வும். அந்த வால்வின் ஸ்பிரிங் வயதானால் தளர்ந்துவிடும். பல பழைய ராம்களில் 'சக்தி போச்சு' என்று இன்ஜெக்டர் வாங்கியவர்கள், இந்த வால்வை மாற்றியிருந்தாலே பாதிப் பிரச்சனை தீர்ந்திருக்கும். மூன்றாவதாகக் கிளட்ச். 215 குதிரைக்கென்று கொடுத்த கிளட்ச் 300-ல் வழுக்கும். ஆயிரம் டாலர் இன்ஜெக்டரின் உண்மையான விலையில் கிளட்ச்சையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கதையின் மறுபாதி. 1998-ல் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 5 கிராமிலிருந்து 4 கிராமாக இறங்கியது. இயந்திர பம்ப்பால் அங்கே போக முடியவில்லை. ராமில் 24 வால்வு இன்ஜினும், தலையில் கம்ப்யூட்டர் வைத்த 'விபி-44' பம்ப்பும் வந்தன. தகடு போய் அட்டவணை சிலிக்கானுக்குள் போனது.

அதே வருடம் அக்டோபரில் இன்னொன்று நடந்தது. கம்மின்ஸ், கேட்டர்பில்லர், டெட்ராய்ட் டீசல், மேக், நாவிஸ்டார், ரெனோ, வால்வோ என ஏழு நிறுவனங்கள் அமெரிக்க அரசோடு சமரச ஒப்பந்தம் போட்டன. குற்றச்சாட்டு மென்பொருள் பற்றியது. அரசின் சோதனையில் ஒழுங்காக நடந்துகொண்டு, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது எரிபொருள் மிச்சத்துக்காகப் பீய்ச்சும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் நிரல். சுமார் 13 லட்சம் இன்ஜின்கள். 2023 டிசம்பரில் மறுபடி கம்மின்ஸ். ராம் பிக்கப்புகளின் மென்பொருளுக்காக 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. காற்றுத் தூய்மைச் சட்டத்தின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய அபராதம் என்று அரசு சொன்னது.

இங்கேதான் எனக்கு மனசு இரண்டாகப் பிரிகிறது. திறந்து பார்க்கக்கூடிய தகட்டை எனக்குப் பிடிக்கும். பொய் சொல்ல முடியாத நிரல் அது. சோதனைக்கூடத்திலும் மலையிலும் ஒரே வளைவுதான். பூட்டிய பெட்டிக்குள் நிறுவனம் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழக்கு வேண்டியிருந்தது. ஆனால் திறந்த தகடு கையில் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள்? வேண்டுமென்றே கரும்புகையைக் கக்குவதை விளையாட்டாக்கினார்கள். சைக்கிளில் போகிறவர்மேல் ஊதினார்கள். நியூ ஜெர்சி 2015-ல் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. 2020-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட கணக்கின்படி பத்து வருடங்களில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. அதனால் அந்த வண்டிகளின் ஆயுள் முழுவதிலும் கூடுதலாகக் காற்றில் கலக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன்னுக்கும் மேல். சக்தியைக் கூட்டியவர் ஒருவர், மூச்சில் வாங்கியவர் வேறொருவர்.

நண்பர் கடைசியில் மீட்டரும் வால்வும் போட்டார். தகட்டையும் ஏஎஃப்சியையும் தொடவில்லை. அந்த உடையாத ஸ்க்ரூவைக் காட்டி, இது எனக்கும் பின்னால் வருகிறவனுக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தம் என்றார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் மறுக்கவும் இல்லை.

'விபி-44' பம்ப்புக்குத் தன்னைக் குளிர்விக்கவும் உராய்வு தடுக்கவும் ஓடும் டீசல் வேண்டும். சின்ன பம்ப் மெல்லச் செத்தால், பெரியதும் சத்தமில்லாமல் கூடவே சாகும். அது செத்துப்போன 24 வால்வு வண்டிகளில் ஒரு பகுதியினர் புது 'விபி-44' வாங்குவதில்லை. 1998-க்கு முந்தைய வண்டிகளிலிருந்து கழற்றிய 'பி-7100'-ஐயும், அதற்குரிய கியர் மூடியையும், ஆறு புது டீசல் குழாய்களையும் வாங்கி, கம்ப்யூட்டர் பம்ப் இருந்த இடத்தில் இரும்பு பம்ப்பை ஏற்றுகிறார்கள். பழைய இரும்புக் கடைகளில் அந்தத் தகடும் தனியாக விற்கிறது.